ஷிஹாபுக்கு நான் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம்

வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரு புல்வெளி இருக்கிறது. அதில் ஒரு பொன்முடிப் பெண், ஒரு சீனப் பையன், முக்காடு போட்ட நம் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூவரும் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மூவரையும் எத்தனையோ இணையதளங்களில் பார்த்துவிட்டேன். அவர்கள் எந்த நாட்டிலும் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் பார்க்க வேண்டியது, அங்கே வாங்கும் பட்டம் சொந்த ஊரில் செல்லுமா என்பது. அதை அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்கக் கூடாது. தரகரிடமும் கேட்கக் கூடாது. நம் நாட்டு அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். அடுத்தது, எந்த மொழியில் பாடம் நடத்துகிறார்கள், கடைசி வருடம் வரை அதே மொழிதானா என்பது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, மருத்துவமனைப் பயிற்சி வரும்போது உள்ளூர் மொழிக்குத் தாவிவிடும் இடங்கள் உண்டு. அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்கள் நம்பிக்கையோடு இருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எகிப்தில் எங்கள் தமன்ஹூர் ஊரில் இந்த விஷயம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் இன்றுவரை ஒரே ஒரு பையனுக்குத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் பெயர் ஃபிக்ரி. மருந்தாளர். எங்கள் நாட்டில் மருந்தாளரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கால்வாய்ச் சாலையில் இருக்கும் ரிஃபாத் மருந்தகத்தில் என் இளமையெல்லாம் கழிந்தது. ரிஃபாத் முதலாளி, நான் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவன். நல்ல மனிதர். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. பெருநாளுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பார். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டு, சந்தேகத்தை அவரிடம் போய்க் கேட்பார்கள். நான் சொன்னதையேதான் அவரும் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி.

ஒரு ரமலான் மாலை, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர் அதை வாயில் வைக்கவில்லை. மேசைமேல் தலை சாய்ந்துவிட்டது. நான்தான் அவரைக் கிடத்தினேன். அடுத்த நாள் கடையைத் திறந்ததும் நான்தான்.

எங்கள் சட்டப்படி மருந்துக்கடை ஒரு மருந்தாளரின் பெயரில்தான் இருக்க முடியும். அவர் இறந்துபோனால், வாரிசுகள் வேறொரு மருந்தாளரைப் பொறுப்பில் வைத்துச் சட்டம் குறித்த கெடு வரை நடத்திக்கொள்ளலாம். அந்தக் கெடுவுக்குள் பிள்ளை மருந்தாளராக வந்து நின்றால் கடை அவனுடையது. வரவில்லையென்றால் மூட வேண்டும், அல்லது மருந்தாளர் ஒருவருக்கு விற்க வேண்டும். ரிஃபாத்துக்கு ஒரே மகன், ஷிஹாப். அப்பா போனபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. அவன் அம்மா இனாஸ் என்னைப் பொறுப்பில் வைத்தார்.

அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கடையை ஒழுங்காக நடத்தினேன். இனாஸுக்குச் சேர வேண்டியதை ஒரு காசு பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தேகம் கேட்பவர்கள் இப்போது என்னிடமே கேட்டார்கள், கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனார்கள். பையன் விடுமுறைகளில் கடைக்கு வருவான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவான்.

பதினாறு வயதில் ஒருநாள் அவன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே சொன்னான்:

"சித்தப்பா, நான் படிச்சு முடிச்சு வந்ததும் உங்கள அனுப்பிட மாட்டேன், பயப்படாதீங்க. ஏசிக்குக் கீழ உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டுடறேன். நீங்க சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டு இருங்க."

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "பொழச்சீங்க டாக்டர்! வயசான காலத்துல நிழலும் டீயும் நிச்சயம்!" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

நானும் சிரித்தேன். அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இரண்டு நாளில் இறங்கிப் போயிருக்கும்.

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்த அன்று, ஷிஹாப் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு உள்நாட்டில் எந்த மருந்தியல் கல்லூரியும் கதவு திறக்காது என்று தெரிந்துபோனது. அவன் மக்குப் பையன் அல்ல. தேர்வு அறையில் கை நடுங்குகிற ரகம். வீட்டில் துக்க வீடு போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இனாஸின் அண்ணன் ஸப்ரியும் வந்திருந்தார். கார் உதிரி பாகம் விற்கிறவர், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"இந்த மார்க்க வெச்சுக்கிட்டு டாக்டர் ஆக முடியாது மருமகனே. டாக்டர்கிட்ட நோயாளியா வேணாப் போகலாம்."

"அண்ணா, புள்ள ஏற்கெனவே காலைலேருந்து சாப்பிடல," என்றார் இனாஸ்.

"சாப்பிடாம இருந்தா மார்க் ஏறுமா? வந்து என் கடையில உக்காரட்டும். ஸ்பார்க் பிளக்குக்கு எந்தக் கல்லூரியும் வேண்டாம்."

"அவங்க அப்பா போர்டு அந்தக் கடை மேல தொங்குது. கடல் தாண்டிப் போனாலும் பரவாயில்ல, மருந்துப் படிப்புப் படிச்சிட்டு வரட்டும்." இனாஸ் என் பக்கம் திரும்பினார். "டாக்டர், உங்களுக்கு இங்கிலீஷும் தெரியும், இந்தப் படிப்பும் தெரியும். எங்க சேக்கலாம்னு நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க."

நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்த்தேன்.

முதலில் நல்லதைத்தான் தேடினேன். இரண்டு வாரத்தில் கிடைத்தது. புடாபெஸ்டில் ஒன்று. கடைசி வருடம் வரை ஆங்கிலம். எந்தப் பட்டம் இங்கே செல்லும் என்று சொல்லும் எங்கள் உயர்கல்விக் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருந்தது. அங்கே படித்துவிட்டு வந்து டான்டாவில் கடை வைத்திருக்கும் இருவரோடு தொலைபேசியில் பேசினேன். ஷிஹாபின் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்வார்கள், நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசினால் போதும். பேச்சில் பையன் கெட்டிக்காரன். அவன் அங்கே போவான், ஐந்து வருடத்தில் திரும்பி வருவான், கடையின் படியேறுவான். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் என்னை இன்னொன்றைத் தேட வைத்தது.

இரண்டாவதைத் தேடுவது கடினமாக இருந்தது. போலிப் பல்கலைக்கழகங்கள் ஏராளம், ஆனால் போலி எனக்கு உதவாது. போய்ச் சேர்ந்த மாதமே பையனுக்குத் தெரிந்துவிடும், திரும்பி வந்து வேறிடம் சேர அவகாசம் இருக்கும். எனக்கு வேண்டியது உண்மையான பல்கலைக்கழகம். நேர்மையான ஆசிரியர்கள், நல்ல ஆய்வுக்கூடம், ஐந்து வருட முழுப் படிப்பு, ஓரளவு நம் ஊர்ப் பையன்களும் இருக்க வேண்டும். எல்லாம் இருந்து, எங்கள் கவுன்சிலின் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கக் கூடாது. பல நாள் தேடி, வடக்கே குளிர்நாடு ஒன்றின் சிறு நகரத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன்மேல் குற்றம் இல்லை. தங்கள் நாட்டுக்கு மருந்தாளர்களை உருவாக்க அவர்கள் நடத்தும் கல்லூரி அது. எங்கள் நாட்டுக்குச் செல்லும் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இரண்டையும் குடும்பத்தின் முன் வைத்தேன். புடாபெஸ்டைத்தான் உயர்த்திப் பேசினேன். ஷிஹாபுக்கும் அதுதான் பிடித்தது. ஸப்ரி மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரெண்டாவது காலேஜுக்கு அங்கீகாரம் கிங்கீகாரம் எல்லாம் இருக்கா?"

"அந்த நாட்டு அரசாங்கம் அங்கீகாரம் குடுத்திருக்கு. உலகப் பல்கலைக்கழகங்களோட அட்டவணையிலயும் பேர் இருக்கு. பாருங்க," என்று காட்டினேன்.

"உலகமே ஒத்துக்கிட்டா நம்மூரு ஒத்துக்காதா?" என்று ஸப்ரி தேநீரை உறிஞ்சினார்.

நான் சொன்ன இரண்டும் உண்மை. உலக அட்டவணை என்பது தொலைபேசிப் புத்தகம் மாதிரி. பெயர் இருந்தால் அப்படி ஒரு வீடு இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். படித்தவர்களே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இனாஸ், "நான் இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றேன்," என்றார்.

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். எங்கள் ஊரில் பெண் எடுப்பதானாலும் வீடு மாறுவதானாலும், இரண்டு வழியில் எது நல்லது என்று தெரியாதபோது தொழுது, நல்லதைக் காட்டு என்று இறைவனிடம் கேட்பார்கள். கனவு வரும் என்று சிலர் காத்திருப்பார்கள். ஆனால் இனாஸ் போன்றவர்கள் பார்ப்பது வேறு. காரியம் தடங்கலில்லாமல் நடந்தால் அதில் நன்மை இருக்கிறது. தடங்கல் மேல் தடங்கல் வந்தால் இறைவன் வேண்டாம் என்கிறான். ரிஃபாத்தைக் கட்டிக்கொண்டதும் கடைக்கு இடம் பிடித்ததும் அப்படித்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய தொழுகையில் நான் தலையிடவில்லை. தடங்கல்களை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

புடாபெஸ்டுக்கு அனுப்பும் பள்ளிச் சான்றிதழில் அரசு முத்திரை வேண்டியிருந்தது. அதற்கு அலெக்ஸாண்டிரியா போக வேண்டும். நானே போகிறேன் என்றேன். முதல் தடவை போனபோது ஜன்னலில் இருந்தவர், "ஸிஸ்டம் விழுந்துடுச்சு, நாளைக்கு வாங்க," என்றார். அன்று கணினி நிஜமாகவே நின்றுபோயிருந்தது. இரண்டாம் தடவை நான் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. கடற்கரையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து அலைகளைப் பார்த்தேன். பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்து, "இன்னிக்கும் ஸிஸ்டம் விழுந்துடுச்சு," என்றேன். எங்கள் நாட்டில் அந்த வாக்கியத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. கடைசியில் முத்திரை வாங்கி வந்தபோது அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது.

நேர்முகத் தேர்வு கணினி வழியாக. எந்த நேரம் வசதி என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று கடை நடத்துகிறவனுக்குத் தெரியாதா? இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்காக அந்த நேரங்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஷிஹாப் இஸ்திரி போட்ட சட்டையோடு கேமராவைப் பார்த்து, "என் அப்பா ஒரு மருந்தாளர்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். அடுத்த வாக்கியத்துக்கு முன் வீடு இருண்டது.

மறுபடி ஒரு நேரம் கேட்டு வாங்கினோம். அதற்கு முந்தின நாள், ஸப்ரி பேச்சு சுவாரஸ்யத்தில் கை வீசியதில், தேர்வு முடிந்ததும் அனுப்ப வைத்திருந்த முத்திரை போட்ட சான்றிதழ்மேல் தேநீர் கொட்டிவிட்டது. அது முழுக்க முழுக்க அவர் செய்தது. அதை என் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போனது. நான் தொடங்கியதை யாரோ மேலிருந்து ஆமோதித்தது போல இருந்தது.

இனாஸ் நனைந்த காகிதத்தைத் துணியால் ஒற்றினார். பிறகு துணியைக் கீழே வைத்தார்.

"போதும் டாக்டர். எத்தன தடவ கதவு சாத்தும்? இதுக்கு மேல நான் தட்ட மாட்டேன்."

"அம்மா, கரண்ட் போனதுக்கெல்லாம் அல்லாஹ்வ இழுக்காத," என்றான் ஷிஹாப். "இன்னொரு முத்திர வாங்கிக்கலாம்மா. நான் நல்லாப் பேசுவேம்மா."

"நீ சின்னப் பையன். உனக்குத் தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்காக நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று நினைத்தான். நான் நனைந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர்நாட்டுக் கல்லூரிக்கு நான் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தேன், யாருக்கும் சொல்லாமல். அதற்கு நேர்முகத் தேர்வு இல்லை. முத்திரையும் கேட்கவில்லை. அங்கேயும் போட்டுப் பார்ப்போமா என்று நான் இனாஸிடம் கேட்டேன். அதே வாரம் அனுமதி வந்தது. விசாவும் சிக்கலில்லாமல் வந்தது. இனாஸ் அழுதுவிட்டார், சந்தோஷத்தில். அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்பத் கொடுத்தார். எனக்கும் ஒரு குவளை வந்தது. குடித்தேன்.

விமான நிலையத்தில் ஷிஹாப் என்னை இறுகக் கட்டிக்கொண்டான். "அம்மாவப் பாத்துக்குங்க சித்தப்பா. கடையையும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டையும் பார்த்துக்கொண்டேன்.

அவன் தோற்றுவிடுவான் என்று நான் எதிர்பார்த்ததை மறைக்க வேண்டியதில்லை. தோற்றிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக முடிந்திருக்கும். ஒரு வருடத்தில் திரும்பி வந்து ஸப்ரியின் கடையில் உட்கார்ந்திருப்பான். ஆனால் அந்தப் பையன் தோற்கவில்லை. பனியில் காது வெடித்த படத்தை அனுப்பினான், கூடவே எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன் என்று எழுதினான். மூன்றாம் வருடத்திலிருந்து மருத்துவமனைப் பயிற்சி உள்ளூர் மொழியில் என்று தெரிந்ததும் அந்த மொழியையும் கற்றான். அந்த ஊர்க் கிழவிகளிடம் அவர்கள் மொழியிலேயே நோயை விசாரிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னான். அவன் அப்பாவுக்குக்கூட அந்தப் பிடிவாதம் கிடையாது.

இரண்டாம் வருட முடிவில் ஒருநாள் கூப்பிட்டான். குரலில் பதற்றம்.

"சித்தப்பா, இங்க தாமெர்னு ஒரு பையன், மன்ஸூராக்காரன். அவனும் இன்னும் ரெண்டு பேரும் வேற நாட்டுக்கு மாத்திக்கிட்டுப் போறாங்க. நம்ம கவுன்சில் பட்டியல்ல இந்தக் காலேஜ் இல்லியாம். படிச்ச வருஷம் வீணாகாம சேத்துக்கிற இடம் ஒண்ணு இருக்காம். நானும் போயிடட்டுமா?"

கடையில் கூட்டம் இருந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லி உள்ளறைக்குப் போனேன். இதைப் பற்றி யோசிக்க எனக்கு அந்தச் சில அடிகள் நடக்கும் நேரம் இருந்தது. அவனுக்குச் சுலபமாகத் திறந்திருந்த கடைசிக் கதவு அதுதான், எனக்குத் தெரியும். முதல் கதவைச் சாத்தியபோது இனாஸும் ஸப்ரியும் மின்சாரமும் கூட இருந்தார்கள். இந்த முறை நான் மட்டும்தான்.

"தாமெருக்கு எத்தன பாடம் நிக்குது?" என்று கேட்டேன்.

"மூணு."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்பப் பரிட்சைக்குப் பயந்து ஓடறவன் பேச்ச நீ ஏன் கேக்கற? பட்டியல் வருஷா வருஷம் மாறும். நீ முடிச்சு வர்றப்போ பேரு இருக்கும்."

"நிச்சயமா சித்தப்பா? நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

"பாத்துட்டேன். அங்கயே இரு."

பார்த்திருந்தேன்தான். அந்த வருடமும் பெயர் இல்லை.

"சரி சித்தப்பா. நீங்க சொன்னா சரி," என்றான். அவன் மூச்சு இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. கடையில் நிம்மதியாகத் திரும்பிப் போகிறவர்களின் மூச்சு அது.

நான்காம் வருடம் இனாஸுக்கு ஈரலில் கட்டி. அறிக்கையை முதலில் படித்தது நான். புள்ளைக்குச் சொல்ல வேண்டாம், படிப்பு கெடும் என்று அவரே சொன்னார். நான் அதற்குக் கட்டுப்பட்டேன். கடைசி வாரத்தில் அவர் மனம் மாறியது. "அவன் மொகத்த ஒரு தடவ பாக்கணும் டாக்டர், வரச் சொல்லுங்க," என்றார். பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது, முடிந்ததும் வந்துவிடுவான் என்று சொன்னேன். பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவன் வந்தால் ஸப்ரியோடு உட்கார்ந்து படிப்பைப் பற்றிப் பேசுவான், தாமெர் சொன்னதைச் சொல்வான், யாராவது கெய்ரோவுக்குப் போய் விசாரிப்பார்கள். அப்போதும் ஏதாவது செய்ய அவகாசம் இருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைய உங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன்," என்றார். ஸப்ரி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடக்கத்தை ஷிஹாப் தொலைபேசியில் பார்த்தான். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். கை ஆடாமல் பிடித்திருந்தேன்.

படிப்பை முடித்து வந்தவன், பட்டத்தை உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு கெய்ரோவுக்குப் போனான். ஜன்னலில் இருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "இந்தப் பேர் எங்க பட்டியல்ல இல்ல மகனே, என்னிக்குமே இருந்ததில்ல," என்றாளாம். மனுக் கொடுத்தான். மேல்மனுக் கொடுத்தான். பாடத்திட்டத்தை அரபியில் மொழிபெயர்த்து, கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு போனான். ரயிலில் அவனோடு நானும் சில தடவை போனேன். வழியில் அவனுக்குப் பிடித்த கல்லீரல் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அதற்குள் சட்டம் கொடுத்த கெடு தீர்ந்தது.

கடையை யாருக்கு விற்பது என்ற பேச்சே எழவில்லை. ஸப்ரிதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தார். நியாயமான விலை கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகு அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "வேற ஒருத்தனா இருந்தா இந்த அனாதப் பையன மொட்டையடிச்சிருப்பான். நீங்க மனுஷன் டாக்டர்," என்றார். ஷிஹாப் என் கையை எடுத்து முத்தமிட்டான். நான் கையை இழுத்துக்கொண்டேன். பெரியவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பழைய போர்டை இறக்கியபோது சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வெள்ளையடித்துவிட்டு என் பெயரை மாட்டினேன்.

இப்போது அவன் என்னிடம்தான் வேலை பார்க்கிறான். ரத்த அழுத்தம் பார்ப்பான், பெட்டிகளை அடுக்குவான், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பான். மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கவோ கையெழுத்திடவோ அவனுக்கு உரிமை இல்லை. அவன் அதை மீறுவதும் இல்லை. பழைய வாடிக்கையாளர்கள் பாசத்தில் அவனை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துவான். "நான் டாக்டர் இல்ல ஹஜ்ஜா. டாக்டர் உள்ள இருக்காரு." அதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி எதையாவது துடைப்பான். பெண் பார்க்கலாமா என்று ஸப்ரி கேட்டார். எதைச் சொல்லிக் கேட்பது மாமா என்றானாம். தலையில் நரை விழுந்துவிட்டது. இன்னும் முப்பது ஆகவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன வியாழக்கிழமை அவன் என்னிடம் ஒரு விஷயம் பேசினான். மதியத் தொழுகைக்குப் பின் கடையில் ஆள் இல்லாத நேரம். உள்ளறை வாசலில் வந்து நின்றான்.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா உள்ளுக்குள்ள அரிக்குது."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் இருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது.

"உக்காரு," என்றேன்.

அவன் உட்காரவில்லை. "அந்தப் பட்டியல் அப்பவே இன்டர்நெட்ல இருந்திருக்கு சித்தப்பா. நான் ஒரு தடவ தட்டிப் பாத்திருந்தாப் போதும். நீங்க வயசானவரு, கடைய வெச்சுக்கிட்டு, அலெக்ஸாண்டிரியாவுக்கும் இங்கயும் அலைஞ்சீங்க. உங்களால எத்தனைய பாக்க முடியும்? படிக்கப் போறவன் நான்ல பாத்திருக்கணும். தாமெர் சொன்னப்பவாவது பாத்திருக்கணும். உங்க மேல பாரத்தப் போட்டுட்டு நான் சோம்பேறியா இருந்துட்டேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்தப் படிப்புக்காக அம்மா மொகத்தக்கூடக் கடைசியாப் பாக்காமப் போனேன். அப்பா போர்ட எறக்கிட்டேன். உங்களுக்கும் தலைகுனிவு. என்ன மன்னிச்சிருங்க சித்தப்பா."

தெருவில் ஒரு டுக்டுக் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன். பேச வேண்டியதைப் பேச எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவன் ஈரக் கண்ணோடு, தண்டனைக்குக் காத்திருப்பவன்போல நின்றான். இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே அதப் பேசாதே," என்றேன். "எந்தப் பையனும் செய்யற தப்புதான். நான் எப்பவோ உன்ன மன்னிச்சிட்டேன்."

அவன் என் தோளில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதான். சட்டை நனைந்தது. நான் விலகவில்லை. என் மன்னிப்பில் கலப்படம் எதுவும் இல்லை. அவனைப் பார்க்கும்போது எனக்கு இன்று துளியும் வருத்தம் கிடையாது.